கோட்டில் தைத்த கம்பெனிப் பெயர்

நாட்டின் தலைநகரில், ஆர்.கே.புரத்தில் நடந்த செஸ் போட்டியில், என் மகனுக்காக அரங்கின் வெளியே காத்திருந்தபோது ஒருவரைச் சந்தித்தேன். திருநெல்வேலியிலிருந்து மகளை ஆட அழைத்து வந்திருந்தார். மெலிந்த உருவம், சவரம் செய்யாத முகம். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும், மகளின் கோட்டில் தைத்திருந்த கம்பெனிப் பெயரை உள்ளங்கையால் நீவிவிடுவார்.

"வெளிநாட்டுப் போட்டிக்கெல்லாம் இந்தக் கம்பெனிக்காரங்கதான் செலவு பண்ணி அனுப்புறாங்களா?" என்று கேட்டேன்.

"போன வருஷமே நிறுத்திட்டாங்க சார். பேரைப் பிரிச்சா, விட்டுட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும்லா. அப்புறம் யாரு எடுப்பா?"

வெளிநாட்டில் ஆடாமல் அவளுக்குச் சர்வதேச செஸ் பட்டம் கிடைப்பது கஷ்டம். இன்னொரு கம்பெனி கிடைக்காவிட்டால் இதுதான் அவளுடைய கடைசிப் போட்டி என்றார்.

மாலையில் ஆட்டம் முடிந்து நாங்கள் அரங்குக்குள் போனபோது, செலவை ஏற்க ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க வேறொரு கம்பெனி அதிகாரி வந்தார். அவளைப் பாராட்டிவிட்டுக் கோட்டைக் கவனித்தார். "அச்சா, உங்களுக்குத்தான் ஏற்கெனவே ஒரு கம்பெனி இருக்கிறதே" என்று இந்தியில் சொல்லி நகர்ந்தார்.

மகளின் அப்பா அதிகாரியின் பின்னாலேயே ஓடினார். "சார், அது சும்மா தச்சிருக்கு. எங்களுக்கு யாருமில்ல சார்."

அதை நான் அதிகாரிக்கு இந்தியில் சொன்னேன்.

"ஏன் விட்டுவிட்டார்கள்?" என்றார் அதிகாரி.

அதைத் தமிழில் சொன்னதும் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்ககிட்டயே சொல்லலையே சார். நல்லா ஆடுற பொண்ணுன்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். அதிகாரி தலையசைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். வேறு எப்படிச் சொல்லியிருந்தால் அவர் நின்றிருப்பார் என்று இன்னும் யோசிக்கிறேன்.