ஆபரேட்டருக்காகக் கட்டிய கம்ப்யூட்டர்

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. பத்தொன்பது வயதில் சுரங்கத்துக்குள் கான்ட்ராக்ட் கூலியாக இறங்கினேன். மண்ணையும் நிலக்கரியையும் சுமந்து ஓடுகிற பெல்ட்டிலிருந்து சிந்துவதை மண்வெட்டியால் அள்ளி மறுபடி பெல்ட்டில் போடுகிற வேலை. முப்பது வயதில் மேஸ்திரி ஆனேன். நாற்பதில் சொந்தமாக கான்ட்ராக்ட் எடுத்தேன். ஒரு காலத்தில் என் ஒரு வார்த்தைக்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள் காலை ஷிஃப்ட்டுக்கு கேட்டில் காத்து நின்றார்கள். இதெல்லாம் யாரும் தூக்கிக் கொடுத்தது இல்லை. கம்பெனியில் பர்மனென்ட் மட்டும் ஆகவில்லை. அது ஒன்றுதான் என் கைக்கு வராதது.

என் சிநேகிதர் ஆபரேட்டர் பர்மனென்ட். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். பக்கெட் வீல் மெஷின் ஓட்டினார். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: மாடி மாடியாக அடுக்கிய வீடு ஒன்று நகர்ந்து வருகிற மாதிரி இருக்கும். முன்னால் நீண்ட கை, அதன் நுனியில் ஒரு சக்கரம், சக்கரத்தைச் சுற்றி வாளிகள். சக்கரம் சுற்றச் சுற்ற எதிரில் இருக்கிற மண் சுவர் கரைந்து பெல்ட்டில் விழும். ஓட்டுகிறவர் மேலே கண்ணாடிக் கேபினில் இருப்பார். நான் கீழே இருப்பேன். முப்பத்தைந்து வருஷப் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது, அவர் மேலிருந்து கொட்ட, நான் கீழிருந்து அள்ள.

அவருக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு இழுத்து இழுத்து வரும். ரிட்டயர் ஆன பிறகு டவுன்ஷிப்புக்கு வெளியே கட்டிய வீட்டில், உள் அறையில், சுவரைப் பார்த்துப் படுத்தவர் திரும்பவே இல்லை. பிசியோதெரபி செய்ய வந்தவர் என்னையும் அவர் சம்சாரத்தையும் வாசலுக்கு அழைத்துச் சொன்னார்: "கால் இன்னும் சுத்தமா போகல. உக்காந்தா நிக்கலாம், நின்னா நடக்கலாம். ஆனா அவருக்கே உக்காரணும்னு தோணணும். இப்பிடியே படுத்துக் கிடந்தா இன்னும் நாலஞ்சு மாசத்துல ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் போனதும் தங்கச்சி, அதாவது ஆபரேட்டரின் சம்சாரம், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். "நீங்க எதுனா பண்ணுங்கண்ணே. நான் சொன்னா கண்ண மூடிக்கிறாரு. பையன் போன்ல கூப்பிட்டாலும் பேச மாட்டேங்குறாரு" என்றார்.

நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். கேலி செய்தேன். "இன்னா ஆபரேட்டரே, பர்மனென்ட்டா படுத்துட்டீங்களா? எனுக்குதான் எதுவும் பர்மனென்ட் இல்ல, உங்களுக்கு எல்லாமே பர்மனென்ட்டா?" அவருடைய முதுகு அசையவில்லை. நல்ல நாளில் இதற்கு நாலு வார்த்தை திட்டியிருப்பார்.

அந்த வாரத்தில்தான் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். எந்த நாட்டுக்காரனோ, கம்ப்யூட்டரில் சுரங்க விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தான். அதில் பக்கெட் வீல் மெஷின் அப்படியே இருந்தது. அதே கை, அதே சக்கரம், அதே கேபின். அவன் ஒரு லிவரைப் பிடித்து ஓட்டினான். இது ஆபரேட்டர் கண்ணில் பட்டால் திரும்புவார் என்று முடிவு செய்தேன்.

அவர் வீட்டில் பையன் காலேஜில் படித்தபோது வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதில் அந்த விளையாட்டு ஏறவே இல்லை. தனியாகப் பாகம் பாகமாக வாங்கித்தான் சேர்க்க வேண்டும் என்று தெரிந்தது. ரெடிமேடாக வாங்கலாமே என்றார் தங்கச்சி. நான் என் வாழ்க்கையில் எதையும் ரெடிமேடாக வாங்கியதில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு பாகத்துக்கும் வீடியோ பார்த்தேன். தமிழிலேயே நிறைய இருக்கிறது. புரியாததைப் பத்து தடவை பார்த்தேன். பிறகு பண்ருட்டி வழியாக பஸ் பிடித்துப் புதுச்சேரி போனேன்.

கடையில் முப்பது வயசு இருக்கும் ஒரு பெண். கடையே அவருடையதுதான். நான் உள்ளே போனதும் சிரித்துக்கொண்டு கேட்டார்: "பேரனுக்கா ஐயா?"

எனக்குச் சுருக்கென்றது. வேட்டி கட்டிய கிழவன் வந்தால் பேரனுக்காகத்தான் வர வேண்டுமா? "ஏம்மா, எனுக்குன்னா குடுக்க மாட்டியா? எனுக்குத்தான்" என்றேன்.

"ஐயோ, அப்பிடி இல்லீங்க ஐயா. சொல்லுங்க, எவ்ளோக்குள்ள?"

"எழுவதாயிரத்துக்கு மேல ஒரு பைசா போவாது. ஆனா சுரங்க கேம் திக்காம ஓடணும்."

அவர் ஒரு பெரிய கிராஃபிக்ஸ் கார்டை எடுத்து வைத்தார். மூன்று மின்விசிறி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. "இத வாங்கிட்டு பிராசசர்ல கொஞ்சம் கொறைச்சுக்கலாம்" என்றார்.

நான் அந்தப் பெண்ணுக்கு ஒரு விஷயம் சொன்னேன். "சுரங்கத்துல ஒரு பெல்ட் இன்னொரு பெல்ட்டுக்கு மண்ணைக் கொட்டும்மா. முதல் பெல்ட் மெதுவா ஓடினா, ரெண்டாவது பெல்ட் எவ்ளோ வேகமா ஓடி இன்னா புண்ணியம், காலியா சுத்திகினு இருக்கும். முதல் பெல்ட் வேகமா ஓடி ரெண்டாவது மெதுவா ஓடினா, சேர்ற எடத்துல மண் மலையா குமியும். அதை அள்ளினவன் நான். ரெண்டும் ஒரே வேகத்துல ஓடணும். பிராசசரும் நடுத்தரம் குடு, கார்டும் நடுத்தரம் குடு."

அவர் பெரிய கார்டை அலமாரியிலேயே திரும்ப வைத்தார். "நான் கஸ்டமருக்கு இதத்தான் தினமும் சொல்ல ட்ரை பண்றேன் ஐயா. இவ்ளோ ஈசியா சொல்ல வரல" என்றார். பெருமைக்காக எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

பிறகு எல்லாம் என் இஷ்டப்படிதான் நடந்தது. பவர் சப்ளையில் காசு மிச்சம் பிடிக்க மாட்டேன் என்றேன். கரண்ட் கொடுக்கிற பெட்டி மட்டமாக இருந்தால் மற்றதெல்லாம் ஒரே நாளில் போகும். மெமரி பதினாறு ஜிபி, ஒன்றாக இல்லாமல் எட்டெட்டாக இரண்டு. கலர் கலராக எரிகிற கண்ணாடிப் பெட்டி வேண்டாம். முன்பக்கம் முழுக்க வலை போட்டது, தூசு வடிகட்டியைக் கழற்றிக் கழுவுகிற மாதிரி உள்ளது வேண்டும் என்றேன். எங்கள் ஊரில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் பேர் எழுதலாம். மானிட்டர் பெரியதாக எடுத்தேன், கட்டிலில் இருந்தே தெரிய வேண்டும் என்று. கடையில் அப்படிச் சொல்லவில்லை. "எனுக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல்" என்றேன். ஒரு பொய் சொல்லிவிட்டால் அதற்கேற்ற மாதிரிதானே பேச வேண்டியிருக்கிறது.

கடைசியாக லிவர். ஜாய்ஸ்டிக் என்கிறார்கள். நாலைந்து வகை வைத்திருந்தார். "உங்க கைக்கு எது சரியா இருக்குன்னு புடிச்சுப் பாருங்க ஐயா" என்றார். ஒன்றைப் பிடித்தேன். உள்ளங்கை போய் அச்சில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம், சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு திட்டு. அந்தப் பெண் தன் கம்ப்யூட்டரில் மாட்டி ஏதோ ஓட்டிக் காட்டினார். நானும் ஓட்டினேன். எத்தனை வருஷம் நான் அந்தக் கேபினைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தேன். ஒரு தடவையாவது லிவரைத் தொட்டிருப்பேனா? கடையில் நின்று கால் மணி நேரம் ஓட்டினேன். இதுவே இருக்கட்டும் என்றேன்.

அந்தக் கால் மணி நேரத்தில் ஆபரேட்டர் என் ஞாபகத்தில் இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து நானே சேர்த்தேன். பிராசசரை மதர்போர்டில் அதற்கான சதுரத்தில் வைத்து, மேலே சூடு கடத்துகிற பசையைப் பட்டாணி அளவு வைத்து, மின்விசிறியை மூலை மாற்றி மூலை மாற்றித் திருகினேன். மூன்றாம் நாள் முதல் தடவை ஸ்விட்ச் போட்டதுமே எழுந்துகொண்டது. என் வயதில் இந்த ஊரில் எத்தனை பேரால் முடியும்?

அதைத் தூக்கிப் போய் ஆபரேட்டர் அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு வைத்தேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். விளையாட்டைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி, சக்கரத்தைச் சுற்றவிட்டேன். பெல்ட் ஓடுகிற சத்தம் அறை முழுக்க நிறைந்தது.

முதுகு அசைந்தது. பிறகு தலை திரும்பியது. தங்கச்சி வாசற்படியில் அப்படியே நின்றார்.

நான் மெஷின் கையை வேகமாகப் பக்கவாட்டில் திருப்பினேன்.

"மெல்ல... மெல்ல வே" என்றார். பல மாசத்துக்குப் பிறகு அவராகச் சொன்ன முதல் வார்த்தை. "அவ்ளோ வேகமா... திரும்பாது. கூமுட்ட மாதிரி... ஓட்டுதீரு."

"அப்போ நீங்களே வந்து ஓட்டிக் காட்டுங்க. நான் கான்ட்ராக்ட் கூலிதான, எனுக்கு இன்னா தெரியும்?"

"தூக்கு" என்றார்.

நானும் தங்கச்சியும் இரண்டு பக்கமும் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தோம். இடுப்புக்குத் தலையணை கொடுத்தோம். முதுகை அவராகவே நிமிர்த்தினார். தங்கச்சிக்குக் கண் கலங்கியது. "சாப்பிட எதுனா கொண்டு வரட்டுமா?" என்றார். "இரு... ஷிஃப்ட்ல இருக்கேன்" என்றார் ஆபரேட்டர். மூன்று பேரும் சிரித்தோம்.

பிறகு அவர் கை நீட்டினார்.

இடது கை. லிவர் அந்தக் கைக்கு ஏறவில்லை. கட்டைவிரல் இருக்க வேண்டிய பள்ளம் மறுபக்கம் இருந்தது. சுண்டுவிரல் திட்டு உள்ளங்கையைக் குத்தியது. பொத்தான்களுக்கு விரல் எட்டவில்லை. அவர் கையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். மெஷினின் கை மேலே போனது, தடாலென்று கீழே வந்தது, சக்கரம் மண் சுவரில் மோதி நின்றது. திரையில் சிவப்பு விளக்கு எரிந்து அலாரம் அடித்தது. திரும்ப ஆரம்பித்துக் கொடுத்தேன். மறுபடி மோதியது. மூன்றாவது தடவையும் மோதியது. அவர் ஓட்டிய முப்பது வருஷத்தில் இப்படி ஒரு தடவை மோதி நான் பார்த்ததில்லை.

அவர் லிவரை விட்டார். அதைச் சுற்றிப் பார்த்தார். மடியில் கிடந்த வலது கையையும் பார்த்தார்.

"இது யாருக்கு... வாங்கினது?" என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"லிவர் வேணாங்க, இந்தப் பட்டனுங்கள இடது கையால அமுக்கிப் பாருங்களேன்" என்று தங்கச்சி கீபோர்டை நகர்த்தி வைத்தார்.

"படுக்க வை" என்றார்.

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் புதுச்சேரி போய், கடை திறக்கும்வரை வாசலில் நின்றேன். இடது கைக்காரருக்கு வேண்டும், வலது கை வராது என்று அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அந்தப் பெண் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்தார். அழகாக ஒன்றுமில்லை, நேராக நிற்கிற ஒரு கம்பு மாதிரி இருந்தது. "இது ரெண்டு கைக்கும் பொதுவானதுங்க ஐயா. அன்னைக்கே பக்கத்துலயேதான் இருந்துச்சு. நீங்க உங்களுக்குன்னு சொன்னதால நான் இதக் காட்டல" என்றார். பழையதை வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது இடது கையால் அதைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஆபரேட்டர் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. "புதுசு வந்துருக்கு, இடது கைக்குத் தோதா" என்றேன். முதுகுதான் எனக்குப் பதில். அன்றைக்குச் சாயங்காலமும், அதற்கு அடுத்த நாளும், அந்த வாரம் முழுக்கவும் சொன்னேன்.

பிசியோதெரபிக்காரர் சொன்ன மாதங்களில் இரண்டு போய்விட்டன. காலும் இப்போது விறைக்க ஆரம்பித்திருக்கிறது. நான் தினமும் பத்து மணிக்குப் போகிறேன். கம்ப்யூட்டரைப் போட்டு நானே ஓட்டுகிறேன். இத்தனை நாளில் நன்றாகவே கைவந்துவிட்டது. யாருக்கும் குறைச்சல் இல்லாமல் ஓட்டுவேன். ஆனால் அங்கே அப்படி ஓட்டுவதில்லை. கையை வேகமாகத் திருப்புகிறேன், சக்கரத்தைச் சுவரில் இடிக்கிறேன், பெல்ட்டுக்கு வெளியே மண்ணைக் கொட்டுகிறேன். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். மெஷின் தப்பாக ஓடினால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஒரு வார்த்தை திட்டிவிட்டால் போதும், அங்கிருந்து பிடித்துக்கொள்வேன்.

நேற்று மெஷினை அப்படியே பள்ளத்தில் சாய்த்தேன். அலாரம் நிற்காமல் அடித்தது. நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத் தங்கச்சி வந்து, "நிறுத்திடுங்கண்ணே. ராத்திரி பூரா தூங்கல, இப்பதான் கண்ணசந்தாரு" என்றார்.

அவர் தூங்கவில்லை. தங்கச்சிக்கும் அது தெரியும். நிறுத்தினேன்.