ஜன்னலில் கேட்ட நிறம்

நீச்சல் குளத்தின் ஓரத்தில் குத்துக்காலிட்டு, சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மொண்டு, சோதனை மருந்தைச் சில சொட்டு விட்டுக் குலுக்குகிறார் குளத்துக்காரர். பிறகு குழாயோடு நேராக டிக்கெட் ஜன்னலுக்குப் போகிறார். உள்ளே அவர் மனைவி.

"பாரு."

"ஆரஞ்சு. நல்லாத்தான் இருக்கு, போங்க."

மஞ்சள் என்றால் தண்ணீரில் அமிலம் கூடிவிட்டது, சோடாப் பொடி போட வேண்டும். ரோஸ் என்றால் காரம் கூடிவிட்டது, ஆசிட் ஊற்ற வேண்டும். ஆரஞ்சு என்றால் தாராளமாகக் குளிக்கலாம். சங்கடம் என்னவென்றால், மூன்று நிறமும் குளத்துக்காரர் கண்ணுக்கு ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். தினமும் நீந்த வருகிற என்னிடம் மட்டும் சொன்னார். நானும் மூச்சு விடவில்லை. இப்போது எழுதுகிறேன் என்றால், குளத்தின் மேலாளர் எதையும் படிக்கிற வழக்கம் உள்ளவர் அல்ல.

மற்றபடி ஆள் கெட்டிக்காரர். வாளித் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்றுவார், ஒருநாளும் மாற்றிச் செய்ய மாட்டார். "ஆசிட்டுல தண்ணிய ஊத்தினா மூஞ்சியிலயே தெறிக்கும் சார். அதுக்குக் கோவம் ஜாஸ்தி."

"ஆசிட்டும் சோடாவும் மோதினா?"

"பொங்கித் தள்ளும். அப்புறம் வெறும் உப்புத் தண்ணி. எங்க வீட்டுச் சண்டை மாதிரி."

போன வாரச் சண்டை அப்படி அடங்கவில்லை. மனைவியை ஒரு வார்த்தை கேட்காமல், தன் அண்ணனைப் பெட்டி படுக்கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். அந்த அம்மாள் பேச்சை நிறுத்திவிட்டார். காலையில் மட்டும், புருஷனைப் பாராமல் குழாயைப் பார்த்து "ஆரஞ்சு" என்பார்.

நேற்று மேலாளரே குளத்தருகே வந்து நின்றார். "என் முன்னாடி பாருங்க. என்ன கலர்?"

குளத்துக்காரர் குழாயை வெளிச்சத்தில் பிடித்தார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். ஜன்னலுக்குப் போனால் குட்டு உடைந்துவிடும்.

ஜன்னல் கதவு சாத்தப்பட்டது. மனைவி வெளியே வந்தார். கையில் புருஷனின் ரப்பர் கையுறை. சோடாப் பொடியைக் குளத்துக்காரர் எப்போதும் கரண்டியால் அள்ளித்தான் போடுவார். கையுறை ஆசிட் எடுக்கும்போது மட்டும்தான்.

"ரோஸ் சார். காரம் ஏறியிருக்கு," என்றார் குளத்துக்காரர், குரல் பிசகாமல்.

மேலாளர் குழாயை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டே போனார்.

"கைய நீட்டுங்க," என்றார் மனைவி.

நீட்டினார். அந்த அம்மாள் கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்து, மணிக்கட்டுக்கு மேல் வரை மாட்டிவிட்டார்.