ரத்தம் போதுமா என்று கேட்டவர்

கேம்ப் ரோடு சிக்னலில் காரை நிறுத்தியிருந்தபோது வார்டு சிஸ்டரின் அழைப்பு வந்தது. "சார், வசந்தா மேடம் போயிட்டாங்க. காலைல வீட்டுலேயே, மாரடைப்பு." பச்சை விழுந்தும் வண்டியை நகர்த்தத் தோன்றவில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின. முந்தைய வாரம்தான் இருவரும் ஒரே ஆபரேஷன் தியேட்டரில் நின்றிருந்தோம்.

தாம்பரத்தில் எங்கள் மருத்துவமனையில் வேலை பார்த்த எல்லோருக்கும் மயக்க மருந்து நிபுணர் வசந்தாவைத் தெரியும். அவரிடம் பட்ட எரிச்சலும் நினைவிருக்கும். நோயாளிக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால், காரணம் தெரியாமல் அறுவைக்குச் சம்மதிக்க மாட்டார். ரத்தக்குழாய் அறுவை செய்யும் என்னோடுதான் அதிகம் மோதல். "நீங்க குழாயைச் சரிபண்ணிடுவீங்க டாக்டர். அதுல ஓட நல்ல ரத்தம் வேணாமா? ரத்தசோகையோட வர்றவங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம்தான் கஷ்டமே. இதயம் தாங்காது, புண் ஆறாது" என்பார்.

பெரும்பாக்கத்திலிருந்து வந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவரை மறக்க முடியாது. வலது காலில் ரத்த ஓட்டம் அடைபட்டு ஒரு விரல் கறுத்துவிட்டது. அடைப்பைத் தாண்டி ரத்தம் ஓட மாற்றுக்குழாய் வைக்கும் பைபாஸை மறுநாளே செய்வதென்று முடிவு செய்திருந்தேன். பரிசோதனையில் ஹீமோகுளோபின் மிகக் குறைவாக இருந்ததைப் பார்த்ததும் வசந்தா நிறுத்தினார். தாமதித்தால் கால் போய்விடலாம் என்றேன்.

"அந்த பயம் எனக்கும் இருக்கு. ஆனா இவ்ளோ ரத்தம் எங்க போச்சுன்னு தெரியாம மயக்கம் குடுக்க மாட்டேன்."

ஓட்டுநரின் மனைவி கொதித்துப்போனார். "காலு அழுவிகினு கீது, நீங்க இன்னா டெஸ்ட்டு எடுத்துகினே கீறீங்க? கால எடுத்துட்டா வண்டிய யாரு ஓட்டுவா?"

வசந்தா குரலை உயர்த்தவில்லை. கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வலிக்கு என்னம்மா குடுத்தீங்க?"

"மெடிக்கல்ல வாங்குன மாத்திர தான். சோறு துன்ன மாட்டாரு, மாத்திர மட்டும் முழுங்குவாரு."

வசந்தா கணவரிடம் திரும்பினார். "மோஷன் கறுப்பாப் போகுதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தார் மாரி போவுது மேடம். வெக்கமா இருந்துச்சு, சொல்லல."

வலி மாத்திரைகளால் வயிற்றுக்குள் புண் வந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்ததை எண்டோஸ்கோப்பி காட்டியது. பைபாஸின்போது ரத்தம் உறையாமலிருக்க மருந்து செலுத்துவோம். அன்று செலுத்தியிருந்தால் அவர் மேசையிலேயே போயிருக்கலாம். புண்ணுக்கு வைத்தியம், ரத்தம், இரும்புச்சத்து மருந்து என்று நாட்கள் நகர்ந்தன. தினமும் அந்தப் பாதத்தைத் தொட்டு, சூடு இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு பைபாஸ் செய்தோம். விரல் போனது. கால் பிழைத்தது.

மயக்க மருந்து நிபுணர்களின் வேலை பெரும்பாலும் தியேட்டரோடு முடியும். வசந்தா வார்டுக்கும் வருவார். பைபாஸுக்குப் பிறகு அந்த ஆட்டோக்காரரைக் கட்டிலிலிருந்து எழுப்பி, மூச்சு வாங்குகிறதா என்று கவனித்தபடி கூடவே நடந்தார். "சக்சஸ்னு நீங்க தியேட்டர்லயே சொல்லிடுறீங்க. எனக்கு, அவர் நடந்து வீட்டுக்குப் போற அன்னிக்குத்தான்" என்றார் என்னிடம்.

சேலையூரில் வசந்தாவின் வீட்டுக்குப் போய் அவர் முகத்தைக் கடைசியாகப் பார்த்துவிட்டு நேரே வார்டுக்குப் போனேன். கீழ்க்கட்டளையிலிருந்து வந்து அறுவை முடிந்திருந்த ஓர் அம்மாவிடம், என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கச் சொன்னேன். வாசல்வரை மெல்ல நடந்தோம். நோயாளியோடு கூடவே நடக்கும் இந்தப் பழக்கத்தை வசந்தாவிடமிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.