வைஹே பெரியப்பா

என் பெரியப்பாவுக்கு எல்லோரும் வைத்த பேர் வைஹே. சரக்கு ரயில் நிலையத்தில் தண்டவாளம் பிரியும் இடத்துக்கு எண்ணெய் போடுவதும், வண்டிக்குத் தக்கபடி தடத்தைத் திருப்பி விடுவதும் அவர் வேலை. அங்கே புது இயந்திரம் பொருத்த வந்த ஜெர்மன்காரர் அந்தப் பிரிவைத் தொட்டுக் காட்டி, "வைஹே" என்றார். அவர் ஊர் போய்ச் சேர்ந்தார். அந்தச் சொல் மட்டும் பெரியப்பாவை விடவில்லை.

கூட வந்த மொழிபெயர்ப்பாளரைக் குடைந்தெடுத்திருக்கிறார். ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் கனத்த சத்தத்தையும் கீச்சுச் சத்தத்தையும் பிரித்து அனுப்பும் பாகத்துக்கும் அதே பேராம். பின்னால் நடக்கப்போவதற்கு இன்றே வழி வகுப்பதை 'வைஹேயைத் திருப்பி வைப்பது' என்பார்களாம். அவ்வளவுதான், மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. குழாய் பிரிந்தாலும் வைஹே, தெரு பிரிந்தாலும் வைஹே. "இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டேன் பாரு, அதுதான் என் வைஹே" என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அவர் வேலையில் வேதவாக்கு ஒன்று உண்டு. சக்கரம் ஏறிய பிறகு வைஹேயைத் திருப்பக்கூடாது. திருப்பினால் முன்பெட்டி ஒரு வழி, பின்பெட்டி ஒரு வழி என்று வண்டி கவிழ்ந்துவிடும்.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அவருடைய ஒரே மகள் பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். கன்னத்தில் விரல் தடம்.

"நான் இனிமே அங்க போகமாட்டேன்பா."

பெரியப்பா கதவை விட்டு நகரவில்லை. "சக்கரம் ஏறிடுச்சும்மா. இனிமே திருப்பக் கூடாது. அனுசரிச்சுப் போ."

பெரியம்மா கதறினாள். அந்தச் சொல்லைக் கொண்டு வந்தவனைத் தேடிப் போய் அறையலாமா என்றிருந்தது எனக்கு. அக்கா அழவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். புருஷன் வீட்டுக்கும் போகவில்லை. எங்கோ ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. பெரியம்மா செத்தபோது வந்தாள், அம்மா முகத்தைப் பார்த்தாள், அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினாள்.

இப்போது பெரியப்பாவுக்கு வேலையும் இல்லை, வீட்டில் பேச ஆளும் இல்லை. போன வாரம் மருந்து வாங்கிக்கொண்டு போனேன். மகளுக்குப் போன் போட்டுக் காதில் வைத்திருந்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தப்பான தடத்துல ஏறின வண்டியை என்னதான் செய்வீங்க பெரியப்பா? போய் முட்டட்டும்னு விட்டுருவீங்களா?"

அவர் தலை நிமிரவில்லை.

"இல்லம்மா. முதல்ல வண்டிய நிறுத்தணும். அப்படியே பின்னால எடுக்கணும். எல்லாச் சக்கரமும் வைஹேயைத் தாண்டி வந்ததும் திருப்பி விடலாம். எத்தனையோ வண்டிக்குச் செஞ்சிருக்கேன்." போனைத் துண்டால் துடைத்தார். "அவ தானாவே நிறுத்திப் பின்னால வந்து நின்னுட்டுத்தானே இருந்தா, வாசல்ல."