சாவிக்கொத்தில் ஐந்து சாவி

ஃபார்முலா டீச்சர் என்றால் அந்தத் தெருவில் கணக்கே வராத பிள்ளைக்கும் தெரியும். எத்தனை விதமாக அடுக்கலாம் என்ற கணக்கா, வரிசை முக்கியமென்றால் ஒரு சூத்திரம், முக்கியமில்லையென்றால் இன்னொன்று. இரண்டையும் கரும்பலகையின் உச்சியில் எழுதிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவாள். வருஷக்கணக்காக வீட்டு முன்னறையில் ட்யூஷன். கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆகும்வரை யாரும் குறை சொன்னதில்லை.

வந்த ஓரகத்தியும் கணக்குப் படித்தவள். படித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். மாடி அறையில் நாலு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு சொல்லித்தர ஆரம்பித்தாள். சூத்திரமெல்லாம் கிடையாது. மூன்று பேர், மூன்று நாற்காலி. முதல் நாற்காலிக்கு மூன்று பேரில் யாரும் வரலாம், அடுத்ததற்கு இரண்டு பேரில் ஒருவர், கடைசிக்கு மிச்சமிருப்பவர். ஆக ஆறு விதம் என்று பிள்ளைகளையே எழுப்பி மாற்றி மாற்றி உட்காரவைப்பாள். மேலே நாற்காலி இழுபடும் சத்தமும் சிரிப்பும் கேட்கக் கேட்கக் கீழே டீச்சருக்கு வயிறு எரியும்.

"கணக்கு சொல்லித்தராளா, மியூசிக்கல் சேர் நடத்தறாளா?" என்று கணவரிடம் கேட்டாள்.

"பசங்களுக்குப் புரியுதாமே" என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். அன்றைக்கு அவருக்குக் காபி ஆறித்தான் வந்தது.

மாடிப்படி அடியில் செருப்புகள் பெருகின, முன்னறை வாசலில் குறைந்தன. அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். ஆனால் பெற்ற மகளே ஒருநாள் வந்து, "அம்மா, நான் சித்திகிட்ட படிக்கிறேன். நீ திட்டுற, அவங்க திட்டமாட்டாங்க" என்றாளே, அதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

பரீட்சைக்கு முந்தின வாரம் மகள் நோட்டோடு வந்து நின்றாள். "வளையத்துல அஞ்சு சாவியை எத்தனை விதமா கோக்கலாம்? சித்தி இருபத்துநாலுன்னாங்க. சரியாம்மா?"

டீச்சர் பார்த்தாள். வட்டமாயிற்றே என்று ஒரு சாவியை அசையாமல் வைத்து, மற்ற நான்கையும் இடம் மாற்றியிருக்கிறாள் ஓரகத்தி. மேஜையைச் சுற்றி ஆட்களை உட்காரவைத்தால் அது சரி. ஆட்களைக் குப்புறப் புரட்ட முடியாது, சாவிக்கொத்தைப் புரட்டலாம். புரட்டினால் இரண்டிரண்டு வரிசை ஒன்றாகிவிடும். பாதிதான் விடை, பன்னிரண்டு.

அவளுக்கு உள்ளுக்குள் தேன் குடித்த மாதிரி இருந்தது. "சரிதான். சித்தி சொன்னா தப்பா இருக்குமா?" என்றாள். மாடி வகுப்பு மொத்தமும் இருபத்துநாலு என்று எழுதட்டும், அவள் மானம் கப்பலேறட்டும். அந்தக் கூட்டத்தில் தன் மகளும் உண்டு என்பது தெரியாமலில்லை. ஒரு கணக்குதானே போகட்டும் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டுமென்று மூக்கை அறுத்துக்கொள்பவர்களுக்கு, அறுக்கும்போது வலிப்பதில்லை.

மறுநாள் சாயங்காலம் மகள் மாடியிலிருந்து ஓடிவந்தாள். "அம்மா, அது பன்னெண்டாம். சித்தி, வீட்டுச் சாவிக்கொத்தையே கொண்டுவந்து புரட்டிக் காட்டினாங்க. 'நேத்து நான் தப்பா சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்க'ன்னு எல்லார்கிட்டயும் சொன்னாங்க. நாங்கல்லாம் கைதட்டினோம்."

தப்பு செய்தவளுக்குக் கைதட்டலா என்று டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் மகள், "ஆமா, நீயும் சரின்னுதானே சொன்ன?" என்றாள்.

தெரிந்தே பொய் சொன்னேன் என்று சொல்லலாம். தெரியவில்லை என்று சொல்லலாம். மூன்றாவது வழி இல்லை.

"எனக்கும் தெரியலம்மா" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

மகளுக்குக் கோபம் வந்திருந்தால் தேவலை. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அம்மாவின் தோளில் கை போட்டாள்.

"பரவால்லம்மா, வருத்தப்படாத. நான் சித்திகிட்ட சொல்றேன். நாளையிலேர்ந்து நீயும் வந்து எங்ககூட உக்காரு. அவங்க திட்டமாட்டாங்க."