மாடி அறைகளுக்கு நெட்

திருவேங்கடம் அண்ணன் மாமல்லபுரத்தில் என் கடைக்கு எதிர்வீடு. பூர்வீகம் திருக்கழுக்குன்றம் பக்கம். மனைவி தவறிவிட்டார். ஒரே மகள் ஜெயப்பிரியா கணவனோடு கனடாவில். தனியாக இருக்க முடியாமல் மாடியில் மூன்று அறை கட்டி வாடகைக்கு விட்டார். வருகிறவர்கள் எல்லாம் லேப்டாப் ஆட்கள். கடலைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம் என்று வருவார்கள். வந்தபின் கடல் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு திரையோடு பேசுவார்கள்.

இவருக்கோ பேச ஆள் வேண்டும். என் கடைக்கு வந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார். நானும் மனுஷன்தானே, எவ்வளவு நேரம் காது கொடுப்பது?

வீட்டில் இருந்தது செல்வராஜின் லைன். எங்கள் பகுதிக்கு டிவி கேபிள் கொடுப்பவன் அவன்தான். கூடவே இன்டர்நெட்டும் கொடுத்தான். தென்னைக்குத் தென்னை கட்டி இழுத்த ஒயர். காற்று அடித்தால் நெட் போகும். நெட் போனால் மாடிக் கதவுகள் திறக்கும். "அங்கிள், எப்ப வரும்?" என்று ஒவ்வொருவராக இறங்கி வருவார்கள். இவர் டீ போடுவார். ஊர், அம்மா, கல்யாணப் பேச்சு என்று எல்லாம் பேசுவார்கள். நெட் வந்ததும் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு மேலே ஓடுவார்கள்.

"ரூம் நல்லாருக்கு, நெட் மோசம்னு எல்லாரும் ரிவ்யூ எழுதறாங்கப்பா. வேற லைன் போடு" என்று மகள் போனில் கத்தினாள். இவரும் விசாரித்தார். செல்போன் டவரிலிருந்து சிக்னல் வாங்கும் வயர்லெஸ் பெட்டி ஒன்று உண்டு. சனி, ஞாயிறு ஈசிஆர் ரோட்டில் சுற்றுலாக் கூட்டம் வந்தால் அது படுத்துவிடும். ஃபைபர் லைன் போட்டால் வீடியோ பேச்சு தடைபடாது. அறுந்தால் அன்றைக்கே வந்து பார்ப்பதாக எழுதியே கொடுக்கிறார்கள். அவர் தொழிலுக்கு ஃபைபர்தான் சரி என்று அவருக்கே தெரியும். ஆனாலும், "பாப்போம், இன்னா அவசரம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மாசியில் காற்று ஓய்ந்தது. நெட் அறுபடவே இல்லை. யாரும் கீழே வரவும் இல்லை. ஒரு மாலை, அண்ணன் கூடத்தில் இருந்த நெட் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். வேறு எதற்கும் இல்லை, கொஞ்ச நேரம் பேசத்தான்.

முதலில் இறங்கி வந்தது ரிஃபானா, ஆம்பூர்ப் பெண். சின்னச் சின்ன வேலைகளை எடுத்துச் செய்துகொண்டு, நிலையான வேலை தேடி அலைந்தவள். அன்று அவளுக்குக் கடைசிச் சுற்று இன்டர்வியூ.

"பாதிலயே கட்டாயிடுச்சு அங்கிள். போன்ல போட்டுப் பாத்தேன், சிக்னல் சரியா எடுக்கல. திரும்ப கால்ல சேர்றதுக்குள்ள முடிச்சிட்டாங்க" என்றாள். அவர் நீட்டிய டீயை வாங்கவில்லை. "இந்த கேபிள்காரர திட்டி என்ன ஆகப்போகுது" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. "அவன் லைன் நல்லாத்தான் கீதும்மா. நான்தான் புடுங்கனேன்."

"எதுக்கு?"

பேச்சுத் துணைக்கு என்று அந்தப் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது? மறுநாள் காலையில் அவள் அறையைக் காலி செய்துகொண்டு போனாள். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

அன்றைக்கே ஃபைபருக்குச் சொல்லிவிட்டார். ஆள் வந்தபோது நானும் கூட இருந்தேன். பழைய பெட்டி இருந்த இடத்தைக் காட்டி, "இங்கயே மாட்டிடவா சார்?" என்று கேட்டான்.

"வாணாம் நைனா. மாடில, ரூமுங்க பக்கம் மாட்டு. ஒசரமா வை. எனக்கு கை எட்டக் கூடாது."

நல்ல வேளை, அவன் ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது அறைகள் காலியாகக் கிடப்பதே இல்லை. நெட் பிரமாதம் என்று எழுதுகிறார்கள். புதிதாக வந்திருப்பவர்கள் எந்த ஊர் என்று நேற்று நான்தான் அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"தெரீலப்பா" என்றார். "வந்து பத்து நாளாச்சு. இன்னும் ஒருத்தரும் கீழ வரல."