ஏழு செகண்ட் அக்கா

"ஒரு நிமிஷம் இருக்குமா? இந்தக் கடை ஞாயித்துக்கிழமை திறந்திருக்குமான்னு இதுல பார்த்துச் சொல்லுங்களேன்."

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் முன்பின் தெரியாத ஒருவரிடம் கைப்பேசியை நீட்டிவிட்டு அவர் வேறு பக்கம் பார்க்கிறார். மனதுக்குள் எண்ணுகிறார். வாங்கியவர் திரையை மேலே தள்ளுகிறார், கீழே இழுக்கிறார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார். ஏழு எண்ணி முடிப்பதற்குள் பதில் வராவிட்டால் அந்த இணையப் பக்கம் தோற்றுவிட்டது. "பரவாயில்லைங்க, உங்க மேல தப்பில்ல" என்று கைப்பேசியை வாங்கிக்கொண்டு, வந்து நின்ற பேருந்தைத் திரும்பியும் பார்க்காமல் அலுவலகத்துக்கு நடக்கிறார். அவர் அங்கே வருவது பேருந்துக்காக அல்ல.

இணையதளங்கள் வடிவமைப்பது அவர் தொழில். பத்தொன்பது வருடமாகிறது. ஏழு செகண்ட் அக்கா என்பது வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இதுவரை இரண்டு பேர் கைப்பேசியோடு ஓடிப்போயிருக்கிறார்கள். "அதுல ஒருத்தன் நாலே செகண்டுல பதில் சொல்லிட்டுத்தான் ஓடினான்" என்கிறார். அந்தப் பக்கத்தில் பிறகு அவர் கை வைக்கவில்லை.

மாடியில் ஓர் அறை, இரண்டு மேசை. ஒன்றில் அவருடைய புரோகிராமர், சுவரைப் பார்த்தபடி. இன்னொன்று அவருடையது என்று பெயர். அவர் நின்றுகொண்டே வேலை செய்கிறார், நடந்துகொண்டே தொலைபேசியில் பேசுகிறார், ஜன்னலோரம் ஒன்றும் குழாயடியில் ஒன்றுமாகத் தேநீரைப் பாதி குடித்து வைத்துவிட்டு மூன்றாவது சொல்லியனுப்புகிறார். பன்னிரண்டு வருடமாகக் கூட இருக்கும் புரோகிராமருக்கு இது பழகிவிட்டது. "அக்கா ஒரே இடத்துல நின்னா நெட் போயிடுச்சுன்னு அர்த்தம்."

வெளியிடங்களிலும் கை சும்மா இருப்பதில்லை. ஒரு பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளைக் கழற்றி, வலியோடு வருகிறவனுக்கு முதலில் எது தெரிய வேண்டுமோ அந்த வரிசையில் மாற்றி ஒட்டினார். வரவேற்பு மேசையில் இருந்த பெண் அதட்டினாள். "டாக்டர் எப்ப வருவார்ங்கிறது எட்டாவதா இருந்துச்சும்மா" என்று இவர் பதில் சொன்னார். பல்லைக் காட்டாமலே திரும்பி வந்துவிட்டதாகக் கேள்வி.

இந்தத் தொழிலுக்கு வருமுன் அச்சகத்தில் சோப்பு உறைக்கும் மருந்துப் புட்டிக்கும் லேபிள் வடிவமைத்துக்கொண்டிருந்தவர். முதலாளி ஒருநாள், "இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்லதானாமே, நீ போய்ப் பாரேன்" என்றார். போய்ப் பார்த்தார். முதல் தளம் ஒரு தண்ணீர் மோட்டார் கம்பெனிக்கு. எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடின, ஓரத்தில் தீ எரிந்தது, கீழே இதுவரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒரு எண். அந்த எண் ஏறுவதைப் பார்த்துக் கம்பெனிக்காரர் பூரித்துப்போனார். காலையிலிருந்து மாலைவரை அவரே திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. "எல்லாருமே அப்ப அப்படித்தான் இருந்தோம்" என்கிறார். அந்தத் தீயை வரைய மூன்று நாள் ஆயிற்றாம்.

இப்போது தீ கிடையாது, பாட்டு கிடையாது, கை குலுக்கும் வெள்ளைச் சட்டைக்காரர்களின் படம் கிடையாது. "யாருங்க இவரு? உங்க கடைல வேலை செய்யறாரா? அப்ப வாசலைப் படம் எடுத்துப் போடுங்க. வர்றவனுக்கு வாசல் அடையாளம் தெரியணும்." தொலைபேசி எண் தொட்டால் அழைப்பு போக வேண்டும். திறக்கும் நேரம் முதலில் வர வேண்டும். 'எங்கள் தளத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்' என்று யாராவது எழுதிக்கொண்டு வந்தால் அந்தத் தாளைத் திருப்பி மறுபக்கத்தில் கிறுக்குகிறார்.

மெத்தைக் கடைக்காரர் ஒருவர் வந்திருந்தார்.

"என் படம் முதல்ல வரணும், பெருசா."

"நீங்க மெத்தையை விக்கறீங்களா, உங்களை விக்கறீங்களா?"

"ஒரு நம்பிக்கை வரும்ல."

"உங்களைத் தெரிஞ்சவங்க எதுக்குத் தேடறாங்க, நேரா கடைக்கு வந்துடுவாங்க. தேடறவனுக்கு உங்களைத் தெரியாது. அவனுக்கு முதுகுவலி. அதைக் கேளுங்க முதல்ல."

"கடைசிலயாவது போடுவீங்களா?"

"போடறேன். சின்னதா. சிரிக்காம இருந்தா நல்லது."

தளத்தை நாலு பேர் கண்ணில் படவைப்பதற்கும் அவரிடம் இதே வழிதான். கடைக்கு வருகிறவர்கள் வாய்திறந்து முதலில் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு மாதம் எழுதி வைக்கச் சொல்வார். அந்தச் சொற்கள்தான் பக்கத்தில் தலைப்பாக வரும். தேடுகிறவன் புத்தகத்தில் இருக்கும் சொல்லைத் தேடுவதில்லை, தன் வாயில் இருக்கும் சொல்லைத்தான் தேடுகிறான். பிறகு, பொறுமை. "தேடுபொறி புது ஆளைச் சட்டுனு நம்பாது. ஆறு மாசம் பொறுங்க." இதைச் சொல்லும்போதுகூட அவர் வாசற்படிக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருப்பார்.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு தாள் உண்டு. அதில் பதின்மூன்று விஷயங்கள். ஒவ்வொன்றையும் சோதித்துப் பென்சிலால் டிக் போட்ட பிறகுதான் தளம் கைமாறும். அவருடைய படபடப்பைப் பார்த்து அரண்டுபோகிறவர்களும் அந்தத் தாளைப் பார்த்துச் சமாதானமாகிவிடுவார்கள்.

அவருக்கு ஒரு தங்கை. காது சோதித்து, கேட்கும் கருவி பொருத்துகிறவள். மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு, அக்காவின் அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு கட்டடத்தின் பின்பக்கம் இரண்டாவது மாடியில் தனியாக நிலையம் தொடங்கினாள். தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாத இடம். தளத்தை நம்பித்தான் எடுத்தாள். அக்கா செய்து கொடுத்தார். 'செவித்திறன் மதிப்பீடு' என்று தங்கை எழுதித் தந்ததை அடித்துவிட்டு, 'அப்பா டிவியைச் சத்தமா வைக்கிறாரா?' என்று தலைப்பு வைத்தார். பேருந்து நிறுத்தத்தில் அந்தப் பக்கம் நாலு விநாடியில் தேறியது. தான் செய்ததிலேயே நல்ல பக்கம் அதுதான் என்று, அவரைப் பற்றி எழுத வந்திருந்த என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்.

ஆட்கள் வரவில்லை. டாக்டர் சீட்டோடு வாரத்துக்கு ஒருவர், இருவர். ஆறு மாதம் பொறு என்றார் அக்கா. ஆறு மாதம் கழித்து, இன்னும் கொஞ்சம் என்றார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கைத் திறக்கவே பிறகு தனக்குப் பயமாகிவிட்டது என்றார். போன புதன்கிழமை தங்கை தொலைபேசியில் கூப்பிட்டாள். பழைய மருத்துவமனையிலேயே திரும்ப எடுத்துக்கொள்கிறார்களாம். திங்கள்கிழமை அறையின் சாவியைக் கொடுத்துவிடப் போகிறாள். "விடுக்கா. எனக்கு ஆளுங்ககிட்டப் பழகத் தெரியலன்னு அவர் சொல்றது சரிதான்."

அவர் என்பது தங்கையின் கணவர்.

பேச்சு முடிந்ததும் ஏழு செகண்ட் அக்கா நேராகப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியின் சட்டை போட்ட ஒருவர் நின்றிருந்தார். அக்கா தங்கையின் பக்கத்தைத் திறந்து கைப்பேசியை நீட்டி, "இந்த இடம் எங்க இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். அந்த மனிதர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எங்க அம்மாவுக்கே இது தேவைங்க. என் போன்லயும் எடுத்து வெச்சுக்கறேன்."

அவர் தன் கைப்பேசியை எடுத்து, அம்மாவுக்குக் காது கேக்கல என்று அடித்தார். நாலு நிலையங்கள் வந்தன. இரண்டு மிகத் தொலைவில். இரண்டு தெரு தள்ளி இருப்பது இல்லை. நிலையத்தின் பெயரையே சொல்லி அடிக்கச் சொன்னார் இவர். அப்போதும் இல்லை. மரியாதைக்கு மூன்றாம் பக்கம்வரை தள்ளிப் பார்த்தார் அந்த மனிதர்.

"நீங்க கைல திறந்து கொடுத்தீங்க, பார்த்துட்டேன். தேடினா வரலையேங்க."

அக்கா நேராக அலுவலகத்துக்கு வந்தார். அந்தப் பக்கத்தின் உள்ளே எழுதியிருக்கும் நிரல் வரிகளைத் திரையில் திறந்தார். மேலிருந்து ஆறாவது வரியில் விரல் நின்றது.

ஒரு தளத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, அரைகுறையாக யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று அதன் தலையில் ஒரு வரி எழுதுவார்கள். மனிதக் கண்ணுக்கு அது தெரியாது. தேடுபொறிக்குத் தெரியும். இதைப் பட்டியலில் சேர்க்காதே என்று பொருள். வேலை முடிந்ததும் அதை அழித்துவிட வேண்டும். பதின்மூன்றில் முதலாவது அதுதான்.

தங்கைக்குத் தாள் போடவில்லை. நம்ம வீட்டு ஆளுக்குச் செய்யற வேலைக்கு எதுக்குத் தாள் என்று அப்போது அவரே சொன்னாராம். புரோகிராமர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார்.

"எடுத்துட்டாப் போச்சு. ஒண்ணு ரெண்டு வாரத்துல வந்துடும். யாருக்குத் தெரியப் போகுது?"

அக்கா அந்த வரியை அழித்தார்.

"திங்கக்கிழமை சாவி கொடுக்கறா."

"இன்னும் ரெண்டு மாசம் பாருன்னு சொல்லுங்க. காரணம் எதுக்கு?"

"அதைத்தானே பதினாலு மாசமா சொல்லிட்டிருக்கேன்."

ஜன்னல்வரை போனார், கதவுவரை வந்தார், குழாயைத் திறந்து கை கழுவாமல் மூடினார். பிறகு படியிறங்கிவிட்டார். இரண்டு தெருவில் இரண்டு முறை நின்று திரும்பினார். இரண்டு முறையும் மறுபடி நடந்தார்.

மூன்று நாற்காலி போட்ட முன்னறை, உள்ளே சத்தம் புகாத சின்ன அறை. தங்கை கருவிகளின் வயர்களைக் கழற்றிச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம. சாப்ட்டியா?"

"உன் பக்கத்தை யாரும் பார்க்கல."

"அதான் தெரியுமே."

"அது இல்ல. பார்க்கவே முடியாது. கட்டும்போது நான் போட்ட பூட்டு. திறக்க மறந்துட்டேன். தேடினா இந்த இடமே வராது. முதல் நாள்லேருந்து வரல. இப்பதான் எடுத்தேன்."

தங்கை கையிலிருந்த வயரைக் கடைசிவரை சுற்றி, ரப்பர் பேண்டு போட்டாள்.

"அப்ப, யாரும் வந்து பார்த்துட்டு வேணாம்னு போகலையா?"

"ஒருத்தர்கூட இல்ல."

அவள் நோயாளிகளுக்கான நாற்காலியில் உட்கார்ந்தாள். "திரைச்சீலைய மாத்தினேன். போர்டு எழுத்தை மாத்தினேன். மூஞ்சி உம்முனு இருக்குன்னு அவர் சொன்னதுக்குக் கண்ணாடி முன்னாடி நின்னு சிரிச்சுப் பழகினேன்கா." குரல் உயரவில்லை. "ஊர்ல இருக்கற மெத்தைக் கடைக்கெல்லாம் பென்சில்ல டிக் போடுவியே."

"உனக்குப் போடல."

"ஏன்?"

"நீதானேன்னு" என்றார்.

வெளியே யாரோ படியேறும் சத்தம் கேட்டு இருவரும் கதவைப் பார்த்தார்கள். மேல்மாடிக்குப் போகிறவர்.

"சாவியைக் கொடுக்காத" என்றார் அக்கா.

"வீட்டுல யாரு சொல்றது? நான் சொன்னா, உங்கக்கா நல்லா சாக்கு சொல்லித் தந்திருக்காங்கன்னுவார்."

"நான் சொல்றேன்" என்று ஏழு செகண்ட் அக்கா தங்கை கணவரின் எண்ணைத் தேடி அழுத்தினார். ஸ்பீக்கரைப் போட்டு, கைப்பேசியைத் தங்கைக்கு முன்னால் மேசையில் வைத்தார். மணி போனது. மூன்றாவது மணியில், "சொல்லுங்க" என்றது குரல்.

"மாப்பிள்ளை, ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு, கைப்பேசியின் பக்கவாட்டுப் பொத்தானை, சத்தம் இனி ஏறாது என்கிறவரை அழுத்தினார்.